ஆற்றுத் தண்ணீர் அப்பளம் இருநூறு

நாணல்குறிச்சிப் பேரூராட்சிக்குத் தாமிரபரணியின் மேல் திடீரென்று சந்தேகம் வந்தது தொண்ணூற்றேழாம் வருஷம் ஆவணி மாதத்தில். அதுவரைக்கும் ஊர் அந்த ஆற்றைக் குடித்துத்தான் வளர்ந்தது. ஆற்று மணலுக்குள் ஓர் உறைகிணறு, கரையில் மோட்டார் அறை, அங்கிருந்து தெருவுக்குத் தெரு குழாய். திருகினால் தண்ணீர். இதில் என்ன குறை கண்டார்களோ, பதினைந்து கவுன்சிலர்களும் கூடி, வடையும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, தீர்மானம் எண் நாற்பத்தேழைப் போட்டார்கள். ஐப்பசி மழைக்கு ஆறு கலங்குகிறதாம். ஆறு என்றால் மழைக்குக் கலங்காமல் பின்னே என்ன செய்யும்? வருஷத்தில் நாலு நாள் கலங்கலுக்குப் பயந்து, வருஷம் முழுக்க ஓடுகிற ஆற்றை விட்டுவிட்டு, ஊருக்கு மேற்கே பொத்தையடியில் ஆழ்துளைக் கிணறு போடுவது என்று முடிவாயிற்று. பொத்தை என்றால் மொட்டைப் பாறைக் குன்று. அதன் அடியில் கிணறு, மேலே தொட்டி, மொத்தச் செலவு பதினெட்டு லட்சம். ஏகமனதாக நிறைவேறியது.

பொத்தையடி நிலம் பேரூராட்சித் தலைவர் திருஞானசம்பந்தத்தின் மைத்துனனுடையது. அதற்கு அதுவரை வண்டிப் பாதைகூடக் கிடையாது. தொட்டி வந்தால் தார்ரோடு வரும், ரோடு வந்தால் மனை விலை ஏறும். ஊரில் பால்குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்து என்ன? டீக்கடையில் பேசினார்கள், படித்துறையில் பேசினார்கள், தலைவர் எதிரே வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பிட்டார்கள். திறப்பு விழாவுக்குத் தோரணம் கட்டினார்கள். கேசரி கொடுத்தார்கள், வாங்கித் தின்றார்கள்.

உலகம்மாளும் தின்றாள். அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

கீழத்தெருவில் உலகம்மாள் வீடு என்றால் அப்பள வீடு என்று அர்த்தம். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம். அவர் போன மூன்றாம் மாதமே, சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்த்து நிற்பதற்குப் பதில் பலகையும் கட்டையும் வாங்கிப் போட்டு, ஐந்து பெண்களைக் கூட்டிவைத்து அப்பளம் இட ஆரம்பித்தாள். கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குப் பேர் அதிகம். உலகம்மாள் அப்பளத்துக்குப் பேர் கிடையாது, ஆனால் திருநெல்வேலி டவுன் வியாபாரி தாஜ் முகம்மது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் விற்றார். ஒவ்வொரு அப்பளத்தையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். ஓரம் ஒரு நூல் கனத்திருந்தால் போதும், இட்டவளுடைய ஏழு தலைமுறையும் அன்றைக்கு வெளியே வரும். மற்றவர் குற்றத்தைக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு இருந்த கண், ஆயிரத்தில் ஒருத்திக்கு இருக்காது. தன் குற்றம் என்று ஒன்று இருக்கக்கூடும் என்பது ஐம்பத்தோரு வயது வரைக்கும் அவளுக்குத் தட்டுப்படவே இல்லை.

அந்த ஐந்து பேரில் மாவு பிசைந்து இடிப்பது ஜுபைதா பீவி. பள்ளிவாசல் தெருக்காரி. பன்னிரண்டு வருஷமும் அவள் கைதான் மாவில் இருந்தது. உளுந்து மாவு, உப்பு, அப்பளக் காரம், பெருங்காயம் எல்லாம் கண்ணளவு, ஒருநாளும் பிசகியதில்லை. காலையில் தூக்குவாளியில் கஞ்சியோ சோறோ கொண்டுவருவாள், சாயங்காலம் கழுவிக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போவாள். அதிகம் பேசமாட்டாள். உலகம்மாள் பேசுவது ஆறு பேருக்குப் போதும் என்று இருந்துவிடுவாள்.

பொத்தைத் தண்ணீர் வந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம் வைகாசியில். குடித்தால் நாக்கில் ஒரு கரிப்பு. பருப்பு வேகவில்லை, சோறு மஞ்சளடித்தது. வீட்டுக்கு வீடு முணுமுணுத்தார்கள். ஆனியில் தாஜ் முகம்மது ஒரு டின் அப்பளத்தைத் திருப்பி அனுப்பினார். பத்து நாளில் இன்னும் இரண்டு டின் வந்தது. மூன்றாம் தடவை ஆளே வந்துவிட்டார்.

“யக்கா, சரக்கு சரியில்ல. சட்டியில போட்டா செவந்து போவுது, பொரிய மாட்டேங்கு. உளுந்துல ஏதும் கலக்குதாவளான்னு பாருங்க. ஆடி முடியட்டும், அதுக்குள்ள சரி பண்ணிட்டியன்னா வாங்குதேன். இல்லைன்னா என்னை மன்னிச்சிருங்க.”

கலப்படம்! உலகம்மாள் வீட்டில்! உளுந்தை மாற்றினாள். காரத்தை மாற்றினாள். அப்பளம் சிவப்பது நிற்கவில்லை. அப்படியானால் கை வைக்கிறவள்தான் காரணம் என்று அவள் புத்தி போயிற்று. உளுந்து மாவை எடுத்துக்கொண்டு அந்த எடைக்கு மரவள்ளி மாவைக் கலந்துவிடுகிறாள், வேறென்ன? ஒரு சாயங்காலம் ஜுபைதா தூக்குவாளியோடு படியிறங்கும்போது பின்னாலேயே போனாள். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம். இருபது குடமும் இருபது பெண்களும் நிற்கிறார்கள்.

“ஏளா, நில்லு. அந்தத் தூக்குவாளியத் திற.”

ஜுபைதாவுக்குப் புரியவில்லை. புரிந்தபோது வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். உலகம்மாளே குனிந்து திறந்தாள். உள்ளே கழுவின ஈரமும் ஒரு மிளகாய் வற்றல் காம்பும்தான் இருந்தது. அதோடு நிறுத்தினாளா? “இன்னைக்கு இல்லன்னா நேத்தைக்குக் கொண்டுபோயிருப்பே” என்றாள். ஜுபைதா மூடியை எடுத்து மூடினாள், போனாள். மறுநாள் வரவில்லை. மாவைக் கெடுத்தவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே தெருத்தெருவாகப் போய்விட்டது. அப்பளம் இடுகிற ஒரு வீட்டிலும் அவளைச் சேர்க்கவில்லை. பீடி சுற்ற உட்கார்ந்தாள்.

அப்புறமும் அப்பளம் சிவந்தது. அவள் போன பிறகும்! அப்போதாவது யோசிக்க வேண்டாமா? உலகம்மாள் யோசிக்கவில்லை, இன்னொருத்தியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆடி பதினெட்டு கழிந்து இரண்டாம் நாள், பொத்தை மோட்டார் எரிந்துபோய் ஊரில் தண்ணீர் இல்லை. வேறு வழியில்லாமல் உலகம்மாள் ஆற்றுக்குப் போய் ஒரு குடம் எடுத்துவந்து மாவு பிசைந்தாள். மறுநாள் ஒன்றைப் பொரித்துப் பார்த்தாள். சட்டி நிறைய வெள்ளை வெளேரென்று விரிந்தது. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். இருப்புக் கொள்ளாமல், குழாய்த் தண்ணீர் மறுபடி வந்த அன்றைக்கு அதே உளுந்தில், அதே காரத்தில் இரண்டு உருண்டை பிசைந்தாள். ஒன்றுக்கு ஆற்றுத் தண்ணீர், ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர். ஒன்று வெளுத்தது, ஒன்று சிவந்தது. கேள்வியே இல்லை.

தொழிலுக்கு அதோடு வழி பிறந்துவிட்டது. மாவுக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர் போதும், அரை மைல்தான், சுமந்துகொள்ளலாம். தாஜ் முகம்மது மறுபடி சரக்கு எடுத்தார். ஆனால் அந்தத் தூக்குவாளி? ஒன்று வெளுத்து ஒன்று சிவந்த அன்று சாயங்காலமே உலகம்மாள் பள்ளிவாசல் தெருமுனை வரைக்கும் போனாள். முனையில் நின்றாள். ‘வெறுங்கையோட போயி என்னன்னு சொல்ல? நான் சொன்னா போதுமா? தண்ணிதான் கோளாறுன்னு அந்தப் பேரூராட்சிக்காரன் எழுதித் தரட்டும். முத்திரை போட்ட கடுதாசியோட போயி அவளக் கூட்டிட்டு வருதேன்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டாள். காரணம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவளும் நம்பினாள்.

இப்படித்தான் உலகம்மாள் பேரூராட்சியின் படியேறினாள்.

செயல் அலுவலர் வெளியூர்க்காரர். எதையும் இல்லை என்று சொல்லமாட்டார், ஆமாம் என்றும் சொல்லமாட்டார். மேஜை மேல் கையை வைத்து, “என்னம்மா வேணும்?” என்றார்.

“ஆத்துத் தண்ணி என்ன குத்தம் பண்ணிச்சுன்னு அத நிறுத்துனிய? பொத்தையில தோண்டணும்னு யாரு சொன்னா? அந்தத் தண்ணிய யாரு சோதிச்சுப் பாத்தா? பதினெட்டு லட்சம் எதெதுக்குப் போச்சு? இவ்வளவுதான் கேக்கேன்.”

“தீர்மானம் நாற்பத்தேழு. ஏகமனதா நிறைவேறியிருக்கு. தண்ணிக்கு லேப் ரிப்போர்ட் இருக்கு. குடிக்கத் தகுந்ததுன்னு சர்டிபிகேட்.”

“அத நான் பாக்கலாமா?”

“அது ஆபீஸ் ரிக்கார்டும்மா.”

“அப்போ இந்தத் தண்ணியில அப்பளம் செவக்குதுன்னாவது எழுதிக் குடுங்க.”

அவர் சிரித்தார். “அப்பளம் எங்க துறையில வராதும்மா.”

இந்தப் பதிலுக்கு ஓர் அலுவலகம், ஒரு மின்விசிறி, ஒரு ஜீப், மாதா மாதம் சம்பளம்! உலகம்மாள் விடவில்லை. மாதம் ஒரு மனு எழுதினாள். எட்டாவது வரைக்கும் படித்தவள். கையெழுத்து கோலம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு மனுவுக்கும் ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று அட்டை வந்தது. ஒருதரம் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கொடுத்தாள். அங்கே அதை வாங்கி, ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று எழுதி, யார் மேல் மனுக் கொடுத்தாளோ அவர்களுக்கே அனுப்பிவைத்தார்கள். அவர்கள் அதைப் படித்து, தாங்கள் செய்தது சரிதான் என்று தங்களுக்குள் முடிவுசெய்து, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இன்னோர் அட்டை போட்டார்கள்.

தலைவர் திருஞானசம்பந்தம் ஒருநாள் தெருவில் வைத்தே கேட்டார். “என்ன ஒலகம்மா, ஊருல ஒருத்தருக்கும் இல்லாத கொறை ஒனக்கு என்ன? ஒரு கொடம் தண்ணிதான வேணும், ஆத்துல எடுத்துக்கயேன். யாரு வேண்டாங்கா?”

“ஒரு கொடத்துக்கு நான் கேக்கல அண்ணாச்சி. எங்கிட்ட பன்னெண்டு வருஷம் வேல பாத்தவள நான் திருடின்னு சொல்லிட்டேன். ஒங்க தண்ணி பண்ணின வேலைக்கு. அத ஒரு வரி எழுதிக் குடுங்க.”

“நீ சொன்னதுக்கு நாங்க எழுதணுமாக்கும்!” என்று தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையில் தலைவர் தெரியாத்தனமாக உண்மையைப் பேசினார். உலகம்மாளுக்குச் சுருக்கென்று குத்தத்தான் செய்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததாலேயே அதை உதறிவிட்டாள்.

தினமும் விடிகாலை ஆற்றுக்குப் போகிறவள் இல்லையா, ஒருநாள் அங்கே பேரூராட்சி பியூன் ஐயம்பெருமாளைப் பார்த்தாள். ஆபீஸ் சைக்கிளில் பின்னால் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடம் கட்டித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகத்தில் ஈயாடவில்லை.

“யாருக்குலே இது?”

“தலைவர் வீட்டுக்கு ஒண்ணு. ஆபீஸ் பானைக்கு ஒண்ணு. காப்பிக்குப் பொத்தத் தண்ணி ஊத்தினா பால் திரிஞ்சிருது ஆச்சி.”

உலகம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கைகொடுத்து நின்றாள். “நல்லாருக்கே! ஊருக்கு ஒரு தண்ணி, ஒங்களுக்கு ஒரு தண்ணியா? அப்போ சர்டிபிகேட் வச்சிருக்காரே ஒங்க ஐயா, அது எந்தத் தண்ணிக்கு?”

ஐயம்பெருமாள் அங்குமிங்கும் பார்த்துவிட்டுப் பைய சொன்னான். “என்ன ஏன் ஆச்சி கேக்கிய. பாட்டில்ல பிடிச்சிட்டு வான்னு என்னத்தான் அனுப்பினாவ. பொத்தைக்கு அப்போ சைக்கிள் போவ வழியில்ல, ஒரே முள்ளு. நான் இங்கன பிடிச்சுக் குடுத்துட்டேன்.”

தாமிரபரணி குடிக்கத் தகுந்தது என்று பதினெட்டு லட்ச ரூபாய்த் திட்டத்துக்குச் சான்றிதழ்! சிரிப்பதா அழுவதா? “இத எழுதிக் குடுப்பியாலே?” என்றாள்.

“ஐயோ! எனக்கு இன்னும் இருவது வருஷம் சர்வீஸ் இருக்கு ஆச்சி” என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடேறிவிட்டான். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் சொல்வார்கள், ஒருத்தனும் எழுதமாட்டான். இதுதான் அந்த ஊர்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தை மாதம், மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி திட்டத்தைப் பார்வையிட வருகிறார் என்று ஆயிற்று. பார்வை அரை மணி நேரம், சாப்பாடு இரண்டு மணி நேரம். தொட்டிக்கு மறுபடி வெள்ளையடித்தார்கள். நாற்பது பேருக்கு இலைச் சாப்பாடு, இரண்டு பாயசம். ஐயம்பெருமாள் உலகம்மாள் வீட்டு வாசலில் வந்து தலையைச் சொறிந்தான்.

“ஆச்சி, இருநூறு அப்பளம் வேணுமாம். தலைவர் சொன்னாவ, நம்ம ஊரு அப்பளம் இருக்கும்போது வெளிய வாங்குவானேன்னு.” கொஞ்சம் நிறுத்தி, “ஆத்துத் தண்ணியில போட்டதா இருக்கணுமாம்” என்றான்.

உலகம்மாள் “சரி, குடுத்துருதேன்னு சொல்லு” என்றாள்.

அந்த இருநூறையும் வேறு யார் கையும் படவிடாமல் அவளே இட்டாள். முதல்தர உளுந்து, புதுக் காரம், நல்ல பெருங்காயம். ஓரம் ஒன்றுகூடக் கனக்கவில்லை. தண்ணீர் மட்டும் தெருக்குழாயில் பிடித்தது.

சாப்பாட்டு அன்றைக்கு அவளே அப்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பேரூராட்சிக் கூடத்தின் கொல்லைப்பக்கம் தூணோரமாக நின்றாள். சமைக்க வந்த தவசிப்பிள்ளை முதல் அப்பளத்தை எண்ணெயில் போட்டதும் திடுக்கிட்டுப்போனார். ஐந்தாறு போட்டுப் பார்த்தார். எல்லாம் செங்கல் நிறம். உள்ளே பந்தியில் சாம்பார் வந்துவிட்டது, அப்பளம் எங்கே அப்பளம் எங்கே என்று கூப்பாடு. அவர் என்ன செய்வார்? தலையில் அடித்துக்கொண்டு அப்படியே தட்டில் அடுக்கிக் கொடுத்துவிட்டார்.

தலைவருக்குப் பக்கத்தில் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் செயல் அலுவலர். தலைவர் அப்பளத்தை இலையில் வைத்து உள்ளங்கையால் நொறுக்கப் பார்த்தார். அது நொறுங்கவில்லை, வளைந்தது. எடுத்துக் கடித்தார். முகம் கோணிற்று. அதிகாரிக்கு முன்னால் தன் ஊர் அப்பளம் மானத்தை வாங்கிவிட்டதே என்ற ஆத்திரத்தில் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

“ஏலே ஐயம்பெருமாள்! ஆத்துத் தண்ணியில போட்டதத்தானல வாங்கச் சொன்னேன்? கொழாத் தண்ணியில போட்டத மனுசன் திம்பானால?”

உலகம்மாள் தூணை விட்டு முன்னால் வந்தாள்.

“கொழாத் தண்ணிதான் அண்ணாச்சி. ஒங்க பதினெட்டு லட்சத்துத் தண்ணி. நீங்க ஊருக்குக் குடுத்ததத்தான் நான் ஒங்களுக்குக் குடுத்தேன். ஊரு எட்டு மாசமாத் திங்குது. நீங்க ஒரு நாளு திங்க மாட்டியளா?”

ஒருத்தரும் தலை நிமிரவில்லை. கவுன்சிலர்கள் பதினைந்து பேரும் இலையில் எதையோ தொலைத்துவிட்டதுபோல் தேடினார்கள். இப்போதாவது ஏதாவது கேட்பார் என்று உலகம்மாள் அதிகாரியைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார், அப்பளத்தைப் பார்த்தார், பரிமாறுகிறவனைப் பார்த்தார். “பாயசம் வருதா?” என்றார்.

ஊர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரித்ததோடு சரி. உலகம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை, காகிதம் வரவில்லையே! வயிற்றெரிச்சலிலும் வீம்பிலும், அப்பளம் இருநூறுக்கு நூற்றுப் பத்து ரூபாய் என்று பில் எழுதிப் பதிவுத் தபாலில் பேரூராட்சிக்கு அனுப்பினாள்.

இங்கேதான் அந்த மகானுபாவர்கள் தங்கள் குணத்தைக் காட்டினார்கள். பதினெட்டு லட்சத்தைப் பாறையில் கொட்டியபோது ஒருத்தன் பேனாவும் நடுங்கவில்லை. நூற்றுப் பத்து ரூபாய் என்றதும் அலுவலகமே விழித்துக்கொண்டது. பொதுப்பணம் அல்லவா! ஆறு மாதமாக ஒரு வரி எழுதாத செயல் அலுவலர், மூன்றே நாளில் எண் போட்டு, தேதி போட்டு, கையெழுத்திட்டு, வட்ட முத்திரை குத்தி ஒரு குறிப்பாணை அனுப்பினார்:

‘தங்களால் வழங்கப்பட்ட அப்பளங்கள் ஆற்று நீரில் தயாரிக்கப்பட வேண்டும் என வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டிருந்தும், பேரூராட்சிக் குழாய் நீரில் தயாரிக்கப்பட்டுள்ளன. பேரூராட்சிக் குழாய் நீரில் தயாரிக்கப்படும் அப்பளம் சிவந்து, பொரியாமல், உண்ணத் தகுதியற்றதாக இருக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. எனவே தொகை வழங்க இயலாது.’

உலகம்மாள் அதை நாலு தடவை படித்தாள். நாலாம் தடவை ‘தாங்கள் அறிந்ததே’ என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. இருபது ஜெராக்ஸ் எடுத்தாள். ஒன்றை டீக்கடைச் சுவரில் ஒட்டினாள், ஒன்றைப் பேரூராட்சி அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டினாள். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுத்தபோது, வாங்கிப் படித்தவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தடவை காகிதம் சுற்றிக்கொண்டு இதே ஊருக்கு வரவில்லை.

பங்குனியில் ஆற்றங்கரை மோட்டார் அறை திறந்தது. குழாயில் பழையபடி ஆற்றுத் தண்ணீர். தப்புப் பண்ணிவிட்டோம் என்று ஒருத்தன் சொன்னானா? ‘பொதுமக்கள் நலன் கருதிக் கூடுதல் ஏற்பாடாக’ என்று தீர்மானம் போட்டு, மோட்டார் அறை வாசலில் தலைவர் பேரைப் பொறித்துக் கல் நட்டார்கள். மறுபடி கேசரி. உலகம்மாள் இந்தத் தடவை வாங்கவில்லை. பதினெட்டு லட்சம் என்ன ஆயிற்று என்று கேட்டு அன்றைக்கே ஒரு மனு எழுதினாள்; பரிசீலனையில் உள்ளது. அந்த வருஷத் தணிக்கையில் நாணல்குறிச்சிப் பேரூராட்சியின் மேல் ஒரே ஓர் ஆட்சேபணைதான் வந்தது என்று ஐயம்பெருமாள் சொன்னான். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்காமல் அப்பளம் இருநூறுக்கு எப்படி ஆர்டர் கொடுத்தீர்கள் என்பதுதான் அது.

குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்த அன்று சாயங்காலம், உலகம்மாள் முத்திரை போட்ட அசல் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் தெருவுக்குப் போனாள். முனையில் நிற்காமல் நேரே நடந்தாள். ஜெயித்தவள் நடை.

ஜுபைதா பீவி மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், “வாங்க” என்றாள், கை நிற்கவில்லை. ஆள் பாதியாகியிருந்தாள். உலகம்மாள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். செயல் அலுவலர், மனு, அட்டை, இருநூறு அப்பளம், பாயசம். பிறகு காகிதத்தைப் பிரித்துச் சத்தமாக வாசித்தாள்.

“பாத்தியாளா? அவனுக வாயாலயே வாங்கிட்டேன். முத்திரையோட! இதுக்காகத்தான் இத்தன மாசமும் வரல. நாளைக்கு வேலைக்கு வந்துரு.”

ஜுபைதா ஒரு பீடிக்கு நூலைச் சுற்றி முடித்தாள். “ஊருக்கு நல்ல தண்ணி வந்திட்டு. ரொம்ப சந்தோசம்கா” என்றாள். “ஆனா இதுல அவுக தப்புதானே எழுதியிருக்கு. ஒங்க தப்பு எங்க எழுதியிருக்கு?”

உலகம்மாள் காகிதத்தை மறுபடி மடித்தாள்.

“தண்ணின்னு ஒங்களுக்கு ஆடியிலயே தெரியும். தெருமுனையில வந்து நின்னுட்டுப் போனிய, எம்மவ பாத்தா. நான் எட்டு மாசமா இங்கன பீடி சுத்துதேன். நீங்க அவுககிட்ட கடுதாசி கேட்டுட்டு அலைஞ்சிய.” அவள் குரல் உயரவே இல்லை. அடுத்த இலையை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

எப்படி வீட்டுக்கு வந்தோம் என்று உலகம்மாளுக்குத் தெரியவில்லை. விளக்குப் போடாமல் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மழுப்புகிறான், தள்ளிப்போடுகிறான், தன் தப்பை ஒத்துக்கொள்ள மாட்டேனென்கிறான் என்று அந்தச் செயல் அலுவலரை எத்தனை பேச்சுப் பேசியிருப்பாள்! அவ்வளவையும் திருப்பித் தன்னைப் பார்த்துப் பேசிப்பார்த்தாள். ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மூன்று நாள் இழுத்தாள். செயல் அலுவலர் அவள் பில்லுக்கு எடுத்துக்கொண்டதும் அதே மூன்று நாள்தான். நாலாம் நாள் சாயங்காலம், தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு, ஜுபைதாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து குடங்களுக்கு நடுவில் நின்றாள். கையில் ஒரு முழுத்தாள். இத்தனை மனு எழுதிய கையின் கோலம் அன்றைக்குக் கோணிப்போயிருந்தது. வாசித்தாள்.

“பள்ளிவாசல் தெரு ஜுபைதா பீவி என் வீட்டில் மாவு எடுக்கவில்லை. கலப்படம் செய்யவில்லை. இந்த இடத்தில் வைத்து அவள் தூக்குவாளியைத் திறந்து பார்த்தது என் தப்பு. தெரிந்த பிறகும் எட்டு மாதம் சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. உலகம்மாள், கீழத்தெரு.”

தண்ணீர் குடம் நிறைந்து வழிந்தது, ஒருத்தியும் நகர்த்தவில்லை. ஜுபைதா தாளை வாங்கி, தனக்குத் தெரிந்த அளவுக்கு எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். “நாளைக்கு எத்தன கிலோ?” என்று கேட்டாள். உலகம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஜுபைதா வந்தாள். பழைய இடத்தில் உட்கார்ந்தாள், மாவு பிசைந்தாள், இடித்தாள். அப்பளம் முன்போலவே வெள்ளையாக வந்தது. சாயங்காலம் தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு படியிறங்குமுன், உலகம்மாளுக்கு முன்னால் வந்து நின்று, மூடியைத் திறந்து, வாளியைச் சாய்த்து உள்ளே காட்டினாள்.

“ஐயோ, இது எதுக்குளா? அதான் எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டேனே!” என்று உலகம்மாள் பதறிப்போனாள்.

“சொன்னிய, கேட்டேன். இருக்கட்டும், பாருங்க.”

அடுத்த நாளும் காட்டினாள். அதற்கடுத்த நாளும். உலகம்மாள் வேண்டாம் என்று கெஞ்சியும் பார்த்தாள், கோபப்பட்டும் பார்த்தாள், ஜுபைதா அசையவில்லை. கோபமாகவும் செய்யவில்லை. வேலையின் கடைசி வேலை அதுதான் என்பதுபோல், தினமும் சாயங்காலம் அந்த ஈர வாளியைத் திறந்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்தாள். உலகம்மாள் தினமும் குனிந்து பார்த்தாள்.

“பாத்துட்டியளா? வரட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஜுபைதா பீவி மூடியை மூடுவாள்.